நட்சத்திரம் போட்ட வரி

சங்கமித்ராவுக்குத் தன் மூளைமேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர்கள் தாங்களே தமிழில் ப்ரோக்ராம் எழுதட்டும் என்று ஒரு மொழியை உருவாக்கியவள் அவள்தானே! அதில் மனிதர்கள் படிக்க மட்டும் குறிப்பு எழுதுவதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. மற்ற மொழிகளில் இருக்கும் சாய்கோடுகள் புதியவர்களை மிரட்டும் என்று நட்சத்திரத்தை வைத்தாள். வரியின் தலையில் நட்சத்திரம் இருந்தால் மெஷின் அந்த வரியைச் சீந்தாது. ஓட்டுகிறவர்களிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று கூட வேலை செய்யும் ஹரிஷ் தலைபாடாய் அடித்துக்கொண்டான். நட்சத்திரத்தில் குழம்ப என்ன இருக்கிறது என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அன்று ஹெப்பகோடி தொழிற்சாலையில் உத்தமன் ஓட்டும் மெஷினருகே நின்றாள். திரையில் அவன் எழுதிய வரிகளைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ‘கதவு திறந்திருந்தால் அழுத்தாதே’ என்ற வரியின் தலையில் ஒரு நட்சத்திரம். மெஷின் கதவுக்குள் கை இருக்கும்போது அழுத்திவிடாமல் காப்பாற்ற இருந்ததே அந்த ஒரு வரிதான்.

இதை யார் போட்டது என்று கேட்டாள்.

“நான்தான் மேடம். ஸ்கூல்ல முக்கியமான கேள்விக்கு ஸ்டார் போட்டுப்போமே, அந்த மாதிரி. இந்த வரிய யாரும் தொடக் கூடாது பாருங்க.”

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். உத்தமன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். கதவை மூடிய பிறகே பெடலை மிதிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் அவன் கதி என்ன? கண்ணும் கருத்துமாக இருந்தவனையே கவிழ்க்கப் பார்த்தேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

வேறு யாரும் இப்படிப் போட்டிருக்கிறார்களா என்றாள். பொம்மசந்திரா தொழிற்சாலையில் இதே மெஷின் ஓட்டும் தன் தம்பி விக்கிக்குக் காலையில்தான் சொல்லிக் கொடுத்தானாம். விக்கிக்கு எதிலும் அவசரம். கதவு திறந்திருக்கும்போதே பெடலை மிதிப்பான், மெஷின்தான் மறுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்த உத்தமன் பாதியில் நிறுத்திப் போனை எடுத்தான்.

தம்பிக்குப் போன் போட்டான். அவள் அந்தத் தொழிற்சாலை ஆபீசுக்குப் போட்டாள். லைன் பிஸியாக இருந்தது. உத்தமனின் போனில் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான்.

“எடுக்கல மேடம்,” என்றான். “வேலைல இருந்தா எடுக்க மாட்டான். ரெண்டு கையும் உள்ளதான் இருக்கும்.”