ஒரு நாள் சீனியர்

வீட்டில் அவள் அக்கா. தபால் நிலையத்தில் நான் சீனியர், ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில். வேலைக்குச் சேர வேண்டிய அன்று அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். "நீ போய்ச் சேருடி, நான் நாளைக்கு வரேன்" என்று என்னை அனுப்பிவிட்டு அக்கா வீட்டில் இருந்துகொண்டாள். இருபத்திரண்டு வருடமாகியும் பணிமூப்புப் பட்டியல் அந்த ஒரு நாளை மன்னிக்கவில்லை.

தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வழிகளில் நல்ல லைன்கள் அவள் கைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட, அவளுக்கு வாய்த்தது மேட்டு லைன். சைக்கிளில் முப்பது கிலோமீட்டர். ஒரு வருடமாக வலது முட்டி வீங்கிக்கொண்டே இருக்கிறது. மேடு ஏறுவதை நிறுத்தாவிட்டால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசில் யாரிடமும் அக்கா மூச்சு விடவில்லை.

அப்போதுதான் கடைத்தெரு லைன் காலியானது. எட்டே கிலோமீட்டர், எல்லாம் சமதரை. விதிப்படி முதலில் என்னைக் கேட்பார்கள், அடுத்து அக்காவை, அப்புறம் எங்களுக்குப் பின்னால் சேர்ந்த நெட்டையனை. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர் ஐந்து வருடத்துக்கு வேறு லைன் கேட்க முடியாது. நான் வேண்டாமென்றால் அது அக்காவுக்குப் போகும்; ஐந்து வருடம் கிடக்கட்டும், எனக்கென்ன குறைச்சல் என்று இருந்தேன்.

காலையில் எல்லாரும் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தபோது போஸ்ட் மாஸ்டர் வந்து கேட்டார். வேண்டாம் என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"எனக்கு வேணாம் சார். பாவம், அக்காவுக்கு முட்டி போச்சு. மேடு ஏற முடியாம வீட்ல உக்காந்து அழறா. அவளுக்குக் குடுத்துடுங்க."

எல்லாரும் அக்காவின் காலைப் பார்த்தார்கள். அவள் அதை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எடுத்துக்கறீங்களாம்மா?" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"என் முட்டிக்கு ஒண்ணுமில்ல சார். எனக்கும் வேணாம். அடுத்த ஆளைக் கேளுங்க."

சொன்ன கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டாள். நான் வாசல்வரை பின்னாலேயே ஓடினேன்.

"உனக்காகத்தானேக்கா சொன்னேன்?"

"உன்கிட்ட நான் கேட்டேனாடி? இத்தனை பேர் முன்னாடி என்னை நொண்டியாக்கிட்டியே."

அவள் ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். தடையோ ஐந்து வருடம். இந்தக் கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயிலேயே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அக்கா பையை மாட்டிவிட்டு சைக்கிளில் ஏறப் பார்த்தாள். கால் எழும்பவில்லை. மறுபடியும் ஏறப் பார்த்தாள். நான் கை கொடுக்கப் போனேன்.

"தள்ளி நில்லு" என்றாள்.