ஈரத்தில் போட்ட எடை

சலவைக்கூடத்தில் துணி உள்ளே வரும் வாசல்தான் அவளுடைய இடம். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் எடை மேடையில் தள்ளி, கிலோவைச் சீட்டில் எழுதி, உள்ளே அனுப்புவாள். கால் கிலோ தவறியதில்லை. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் தராசக்கா. வாயும் அதற்கேற்ற வாய்தான். சோப்புத்தூள் ஒரு கரண்டி கூடப் போனாலும் நிறுத்திக் கேள்வி கேட்பாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் சொந்தக் காசு எங்கே ஒழுகுகிறது என்பது மட்டும் பதினோரு மாதமாகத் தெரியவில்லை.

பிழைக்கக் கடல் தாண்டி வந்தவள். ஊரில் கணவர் எலெக்ட்ரீஷியன், மகள் நர்சிங் படிக்கிறாள். சம்பள நாளன்று ஐநூறை எண்ணி எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் பணம் அனுப்பும் கடைக்குப் போவாள். கடைக்காரருக்கு இவள் வைத்த பெயர் சிரிப்புக்காரர். வாய் நிறையச் சிரித்து நாற்காலி போடுவார், குளிர்ந்த தண்ணீர் தருவார், மகளின் படிப்பை விசாரிப்பார். அவர் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: ‘அனுப்பும் கட்டணம் இல்லை’. ரசீதிலும் கட்டணத்துக்கு நேரே பூஜ்யம் இருக்கும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவள் மனசு குளிர்ந்துவிடும். மற்ற வரிகளை அவள் படித்ததே இல்லை. மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள்.

டிவி செய்தியில்தான் வம்பு வந்தது. இந்த நாட்டுக் காசு ஒன்றுக்கு ஊர்க் காசு எண்பது என்று சொல்கிறான். அப்படியானால் ஐநூறுக்கு ஊர்க் காசில் நாற்பதாயிரம். கணவர் சொல்வதோ முப்பத்தெட்டாயிரம். ஒரு மாதம் என்றால் போகட்டும், மாதா மாதமா ரெண்டாயிரம் குறையும்?

குறை எங்கே என்று தேட அவள் அதிக தூரம் போகவில்லை. கல்யாணமான புதிதில் சீட்டாட்டத்தில் ஒரு மாதச் சம்பளத்தை விட்டவர் அந்த மனுஷன். அந்தப் பழக்கத்தைத் தலைமுழுகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சந்தேகத்துக்கு ஏது வருஷக் கணக்கு? ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போன் போட்டுக் கேட்டே விட்டாள். அடுத்த மாதத்திலிருந்து பணம் தன் தம்பி பேருக்குப் போகும், அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

அவர் சொன்னார்: “அனுப்பும்மா. உன் காசு, உன் இஷ்டம். ஆனா பொண்ணு காதுபட என்னைத் திருடன்னு மட்டும் சொல்லிடாத.”

கொட்டிய வார்த்தையை அவளால் அள்ளவும் முடியவில்லை, ரெண்டாயிரத்தை மறக்கவும் முடியவில்லை.

அடுத்த சம்பள நாள் காலையில், பழைய வாடிக்கையான ஓர் ஓட்டலின் மேலாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் கிலோவுக்கு ரெண்டு குறைச்சல் என்று எதிர்த்தெரு சலவைக்கூடத்துக்குத் தாவியவர். ரேட் குறைந்தும் பில் முன்னைவிட ஏறித்தான் வருகிறதாம். முதலாளி அவரைச் சந்தேகமாகப் பார்க்கிறாராம். தான் ஒரு காசும் தொடவில்லை என்று புலம்பினார்.

“அவங்க எப்ப எடை போடுறாங்க சார்? துவைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டாள் தராசக்கா.

துவைத்துப் பிழிந்த பிறகுதான் என்றார் அவர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உலர்ந்து இருபது கிலோ இருக்கிற விரிப்பு மூட்டை பிழிந்த பிறகு முப்பது கிலோ நிற்கும். பத்து ரேட்டில் இருநூறு கட்டிய மனுஷன், எட்டு ரேட்டில் இருநூற்று நாற்பது கட்டியிருக்கிறார். ரேட் பலகையில் குறைத்ததை எதிர்த்தெருக்காரன் தண்ணீரில் எடுத்துவிட்டான் என்று விளக்கி, ஒரு விரிப்பை நனைத்து மேடையில் போட்டும் காட்டினாள். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். நான் திருடவில்லை என்று இனி முதலாளியிடம் நிமிர்ந்து சொல்வேன் என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. திருடவில்லை என்று இன்னொருவரும் சொல்லியிருக்கிறாரே. பலகை ஒன்று கண் முன்னால் வந்து நின்றது. வேலை முடிந்ததும் அறைக்கு ஓடி, பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். பதினோரு ரசீது. பூஜ்யத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: ஒன்றுக்கு எழுபத்தாறு. பதினோரு ரசீதிலும் எண்பதுக்கு நாலு குறைவாகவே இருந்தது. அட கடவுளே! சாட்சியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு கட்டின புருஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாள்.

நேரே கடைக்குப் போனாள். தண்ணீரைத் தொடவில்லை. கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி, ஆனால் மரியாதையாகவே கேட்டாள்.

“கட்டணம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. அப்ப நீங்க எதை வச்சு சாப்பிடுறீங்கண்ணே?”

சிரிப்புக்காரர் சிரித்தார். ரேட் ரசீதிலேயே இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை, செய்தியில் வருவது வேறு, கடையில் தருவது வேறு என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பூஜ்யத்தைப் பெரிதாக எழுதி நாலைச் சின்னதாக எழுதியிருந்தார், அவ்வளவுதான். அவள் ஐநூறைக் கைப்பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதே தெருவில் இன்னும் மூன்று கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: ஐநூறு அனுப்பினா அங்க கையில எவ்வளவு விழும்? ஒருவர் மழுப்பினார். ஒருவர் முப்பத்தெட்டரை என்றார். மூன்றாவது கடையில் நாற்காலியும் இல்லை, தண்ணீரும் இல்லை. கட்டணம் ஐந்து தனியாக வேண்டும் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்ன பெண்மணி, கையில் விழுவது முப்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது என்று எழுதியும் கொடுத்தாள். ஐந்தைக் கொடுத்தாலும் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் லாபம். தராசக்கா பணத்தைக் கட்டினாள். தம்பி பேருக்கு இல்லை, கணவர் பேருக்கு.

பிறகு போன் போட்டு, மகளையும் பக்கத்தில் கூப்பிடச் சொல்லி, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“உங்க அப்பா மேல நான் பழி போட்டேன் கண்ணு. அவர் ஒரு காசு தொடலை. கண்ணை மூடிக்கிட்டு அனுப்பினது நான். ஏங்க, என்னை மன்னிச்சிருங்க.”

அங்கிருந்து அழுகைதான் வந்தது. அழுதது மகள். காலேஜ் பீஸுக்குக் குறைந்த பணத்துக்காக அப்பா டிரில்லிங் மெஷினை அடகு வைத்துவிட்டு, மூன்று மாதமாகச் சுத்தியலும் உளியுமாகச் சுவரைக் குடைகிறார், உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார் என்று போட்டு உடைத்தாள். தராசக்கா நடுத்தெருவில் நின்று அழுதாள். வெட்கமெல்லாம் படவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்துச் சாப்பாட்டு மேஜையில் பதினோரு ரசீதையும் பரப்பினாள். கூட வேலை செய்கிறவர்களும் தங்கள் ரசீதுகளைத் தேடி எடுத்து வந்தார்கள். இஸ்திரி போடும் அண்ணன் ஆறு வருஷமாக அனுப்புகிறவர். கணக்குப் போட்டுவிட்டு, என் அம்மாவோடு இதற்காகத்தானே ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தேன் என்று முகத்தை மூடிக்கொண்டார். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டார்.

அடுத்த சம்பள நாளன்று சலவைக்கூடத்து ஆட்கள் அறுபது பேர் சிரிப்புக்காரர் கடைக்குள் வரிசையாகப் போய், அந்த ஒரே கேள்வியைக் கேட்டு, வரிசையாக வெளியே வந்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அடுத்த மாதமும் அதே ஊர்வலம். மூன்றாம் மாதம் பழைய பலகை இறங்கியிருந்தது. புதுப் பலகையில் ‘ஐநூறு தந்தால் அங்கே கையில் விழுவது’ என்று எழுதி, பக்கத்தில் அன்றன்றைய தொகையைச் சாக்பீஸால் எழுதியிருந்தார். அந்தப் பெண்மணியின் கடையைவிட ஐம்பது கூடவே இருந்தது. சிரிப்பு மட்டும் பழையபடி வரவில்லை.

அதே வாரம் கணவரின் போன் வந்தது. பேச்சே இல்லை, டர்ரென்று ஒரு சத்தம். அடகிலிருந்து மீட்டு வந்த மெஷினைப் போனருகே ஓட்டிக் காட்டுகிறாராம். அவள் சிரித்துச் சிரித்து எடை மேடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, கட்டணம் எந்தக் கடையில் கம்மி அக்கா என்று கேட்டாள். தராசக்கா எழுந்து நின்று பதில் சொன்னாள்.

“கட்டணத்தைக் கேக்காதம்மா. போய்ச் சேர்றது எவ்வளவுன்னு கேளு. நடுவுல எடுக்கிறவன் காசை மட்டும் எடுக்கலை, புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இருக்கிற நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுறான். காசு குறைஞ்சா முதல்ல ரசீதைப் பாரு. வீட்டு ஆளைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி பாரு.”