மணி அடித்தால் திட்டக் கூடாது

எங்கள் சலவைக் கடையில் நான் கட்டிய கயிற்றில் முதல் நாளே அம்மா காலுறைகளைக் காயப் போட்டுவிட்டாள்.

அது துணிக் கொடி இல்லை. மாலை வகுப்பில் 'லீன்' முறை படிக்கிறேன்; வீண் வேலையைக் குறைக்கும் வழி. கார் தொழிற்சாலையில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுமாம். தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து வேலையை நிறுத்தலாம். இழுத்தவரைத் திட்டக் கூடாது. நானும் கயிற்று நுனியில் ஒரு மணியைக் கட்டினேன். அடித்தால் எல்லோரும் வர வேண்டும்; முதலில் "நல்லதாப் போச்சு" என்று சொல்ல வேண்டும்; மற்றப் பேச்சு அப்புறம்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. ஹோட்டல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டும் மருத்துவமனை டாக்டர்களின் வெள்ளைக் கோட்டும் எங்களிடம் மாறி மாறிப் போய்விடுகின்றன. இன்னொரு தடவை மாறினால் வேறு கடை பார்ப்பதாக ஹோட்டல் மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அண்ணன் வெளியூரில் பிழைப்புத் தேட வேண்டியதுதான். புதிதாகக் கல்யாணமாகி வந்த அண்ணியும் பெட்டியைக் கட்ட வேண்டும்.

"கார் செய்யுறவன் கயிறு இழுக்கட்டும். நாம அழுக்கு எடுக்குறவங்க, வாத்தியாரம்மா," என்றார் அப்பா.

ஒரு வாரம் யாரும் இழுக்கவில்லை. பாடம் எனக்குப் பாதிதான் புரிந்தது என்று டைரியில் எழுதினேன். பிறகு 'பாதி'யை அடித்துக் 'கால்வாசி' என்று திருத்தினேன்.

இன்று காலை மணி அடித்தது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அண்ணன் வண்டியிலிருந்து குதித்து வந்தான். கயிற்றைப் பிடித்தபடி அண்ணி நின்றாள். துணி மடிப்பது அவள் வேலை. மாமனார் எதிரில் வாய் திறக்காதவள்.

"நல்லதாப் போச்சு," என்றோம், அப்பாவைத் தவிர.

"என்னம்மா, கிழிசலா?" என்றார் அவர்.

"இல்ல மாமா." அண்ணி கயிற்றை விடவில்லை. "நீங்க கோட்டெல்லாம் உயரப்படி காயப் போடுறீங்க. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு எடத்துக் கோட்டும் அங்கதான் கலக்குது. நான் காலர்ல இருக்குற குறியைப் புரட்டிப் புரட்டிப் பாத்துப் பிரிக்கிறேன். அவசரத்துல தப்பிடுது."

அந்தக் கொடி அப்பாவின் பெருமை. நெட்டையிலிருந்து குட்டை வரை பட்டாளம் போல் நிற்கும். தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காட்டுவார்.

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது? இப்பத்தான மணி வந்துச்சு."

"எனக்கும் தெரியும்," என்றாள் அம்மா. "பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு பேசாம இருந்தேன்."

"அப்ப நான் பூனையா?"

அண்ணிதான் முதலில் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து இன்றுதான் கேட்டேன். அப்பா கசாயம் குடித்த முகத்தோடு, "சரி, நல்லதாப் போச்சு," என்றார்.

சுவர்ப் பக்கக் கொடி டாக்டர்களுக்கு, வாசல் பக்கம் சமையல்காரர்களுக்கு என்று அவரே பிரித்தார். ஒவ்வொன்றிலும் உயர வரிசை மட்டும் மாறவில்லை. "ரெண்டு பட்டாளம்," என்றார்.

சாயங்காலம் மேனேஜர் எல்லாக் காலரையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாராம். அண்ணன் அதைக் குழந்தையைப் போலத் தோளில் சுமந்து வந்தான்.

நான் வகுப்புக்குக் கிளம்பும்போது மறுபடியும் மணி. எல்லோரும் ஓடினோம். கயிற்றைப் பிடித்தபடி அப்பா.

"டீ ஆறிப்போச்சு," என்றார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அம்மா. "அடுப்பு உள்ள இருக்கு."