நாத்தனார் சொன்ன நூற்றிருபது

நாத்தனார் முன்னால் நோட்டும் கையுமாகத் தான் உட்கார வேண்டிவரும் என்று அந்தப் பெண் பஸ் டிரைவர் கனவிலும் நினைத்ததில்லை. முதுகு செய்த வேலை அது. இந்த மாதத்தோடு ஸ்டியரிங்கை விட்டுவிடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டிப்போவில் நேரக்காப்பாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேற வேண்டும். அவளோ இருபது வருடத்துக்கு முன்பு அதில்தான் கோட்டை விட்டவள். இப்போதும் கோட்டை விட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

நாத்தனார் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அண்ணியும் அவளும் பதினைந்து வருடமாக அளந்துதான் பேசுவார்கள். ஆனாலும் கேட்டதும் மறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வந்து உயிரை வாங்கினாள்.

இரண்டு கணங்கள் சமம் என்று நிரூபிக்க வேண்டுமா, இடப்பக்கத்தில் உள்ள உறுப்பெல்லாம் வலப்பக்கத்தில் உண்டு என்று காட்டு. அப்புறம் வலப்பக்கத்தில் உள்ளதெல்லாம் இடப்பக்கத்தில் உண்டு என்றும் காட்டு என்பாள்.

"ஒரே கதையைத் திருப்பி எழுதுறதுக்கு எதுக்கு ஒரு பக்கம்?" என்றாள் டிரைவர்.

"எழுதுங்க அண்ணி. பாதி எழுதினா பாதி மார்க்குதான்."

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேறொரு சண்டை. நூற்றிருபது பாகையின் சைனுக்கு நேர்மாறு சைன் எவ்வளவு?

"ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மிச்சம் நூத்தி இருபது," என்றாள் நாத்தனார்.

"கால்குலேட்டர் அறுபதுன்னு காட்டுதே."

"அப்ப அதுகிட்டயே படிச்சுக்குங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. இது தப்பென்றால் மற்றதெல்லாம் எந்த லட்சணத்தில் இருக்குமோ?

மறுநாள் மத்தியானம் ஒரு நிறுத்தத்தில் நாத்தனார் மூச்சிரைக்க பஸ்ஸில் ஏறினாள். டிரைவரிடம் பேசாதீர்கள் என்ற பலகைக்கு நேர் கீழே, வாயைத் திறக்காமல் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து வந்தாள். எல்லாரும் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"நான் சொன்னது தப்பு அண்ணி. ராத்திரி புத்தகத்தைப் பார்த்தேன். நேர்மாறு சைன் மைனஸ் தொண்ணூறுக்கும் தொண்ணூறுக்கும் நடுவுலதான் விடை தரும். நூத்தி இருபது அதுக்கு வெளியில இருக்கு. நூத்தி இருபதுக்கும் அறுபதுக்கும் சைன் ஒரே மதிப்புதான், அதனால அறுபது. நீங்க சொன்னதுதான் சரி."

"இதுக்கா லீவு போட்டே?"

"அரை நாள்தான்."

பரீட்சை முடிவு வந்த அன்று டிரைவர் நேராகத் தபால் நிலையத்துக்குப் போனாள். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அவள் எடுத்திருந்தது முப்பத்தேழு.

"அறுபது வந்துச்சா?" என்று நாத்தனார் ஆவலாகக் கேட்டாள்.

"அந்தக் கணக்கே வரல."

நாத்தனாரின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான் பஸ்ஸுக்கு ஓடி வந்ததெல்லாம் வீண்தானா?"

"கணத்துல ஒரு நிரூபணம் வந்துச்சு. முதல் பாதி எழுதிட்டேன், மணி அடிக்கப் போகுது. ரெண்டாவது பாதி வெட்டி வேலைன்னு விட்டுடலாம்னு பேனாவை மூடினேன். அப்புறம் நினைச்சேன், இவ ஒண்ணு தப்பா சொன்னதுக்கே அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தவ. இதுவும் தப்பா இருந்தா வந்து சொல்லியிருப்பா. சொல்லல, அப்ப இது சரியாத்தான் இருக்கும். முழுசா எழுதினேன். அந்த மார்க்குலதான் தேறினேன். நம்ம வீட்டுல இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்து, 'நான் சொன்னது தப்பு'ன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீதான்மா. உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு முத்திரையை எடுத்தாள். ஏற்கெனவே குத்திய கடிதத்தின் மேலேயே இன்னொரு முறை குத்தினாள்.