இருபத்துமூன்றாம் கேள்வி

ஒருவருக்குப் புரையேறினால் எங்கோ யாரோ அவரை நினைக்கிறார்கள் என்பது, 2014ஆம் ஆண்டு கண்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு தம்பதிகளிடம் எடுத்த ஆய்வில் நிமிடம் தவறாமல் நிரூபணமானது. அதனால் யாருக்கும் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஆய்வு தொடங்கியதே வேறு காரியத்துக்கு. கணவன் மனைவிக்குள் அன்பு எதனால் நிலைக்கிறது, எதனால் தேய்கிறது என்று கண்டுபிடிக்க, கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக் கலாநிதி பஸ்லினா என்பவர் அதை நடத்தினார். ஆங்கிலத்தில் இருந்த அறுபது கேள்விகளைத் தமிழாக்கியவள் நிரஞ்சனி, குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன இருபத்துநான்கு வயதுப் பெண். இருபத்துமூன்றாம் கேள்வி, பிரிந்திருக்கும்போதும் துணை தன்னை நினைப்பதாக ஒருவர் எந்தளவு உணர்கிறார் என்று ஒன்று முதல் ஏழு வரை புள்ளி கேட்டது. இதென்ன கேள்வி என்று நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. உணர்வதற்கு என்ன இருக்கிறது, அதற்குத்தான் புரையேறுகிறதே. ஆகவே அவள், ‘கடந்த ஏழு நாட்களில் உங்களுக்குப் புரையேறிய நேரங்களை எழுதுக’ என்று சுருக்கமாகப் போட்டுவிட்டாள்.

படிவங்கள் நிரம்பி வந்த பிறகுதான் கலாநிதி அதைக் கண்டார். “என்ன பிள்ள இது, நான் கேட்ட கேள்வி இது இல்லையே?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தம்பதிகள் ஒவ்வொருவரும் துணையை நினைத்த நேரங்களைத் தனியே ஒரு நாட்குறிப்பில் எழுதியிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மனைவி நினைத்த நிமிடத்தில் கணவனுக்கும், கணவன் நினைத்த நிமிடத்தில் மனைவிக்கும் புரையேறியிருந்தது. வெளிநாட்டில் கட்டுரையைப் படித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கண்ணியமாக நீக்கச் சொன்னார்கள், நீக்கப்பட்டது. செய்தி மட்டும் ஊருக்குள் இறங்கிவிட்டது. குண்டசாலையில் பெண்கள் பால் வாங்கி வரச் சொல்லிக் கணவனுக்கு மிஸ்ட் கோல் கொடுப்பதை விட்டுவிட்டு மூன்று முறை நினைத்தார்கள், பால் வந்தது. கலகெதரயில் ஒரு பேக்கரிக்காரருக்கு, மனைவி கண்ணெதிரே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த வேளையில் நான்கு தரம் புரையேறியதால் அந்தக் குடும்பம் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல நடந்தது.

நிரஞ்சனிக்கு மாலை ஐந்தரைக்கு ஒரு முறை புரையேறும். அது அப்பா. பஸ் பிந்தினால் இரண்டு முறை. அப்பா இராமநாதன் மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளோட்டத்துக்கு ஆள் போதாமல் அவரிடமும் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு சம்பந்தம் செய்வதை ஏற்கிறேன் என்ற வரிக்கு அவர் ‘முற்றாக உடன்படுகிறேன்’ என்று தடித்த புள்ளடி போட்டிருந்தார். அந்தப் புள்ளடியை நம்பித்தான் அவள் மோகனராஜை வீட்டுக்கு வரச் சொன்னாள். மோகனராஜ் ஹந்தானைத் தோட்டத்துப் பையன், டவுனில் படிவங்களை அடித்த அச்சகத்தில் வேலை. பிழைதிருத்தத் தாள்களை அவன் தினமும் பன்னிரண்டு நாற்பதுக்குக் கொண்டுவருவான், திருத்த வேண்டியது ஒன்றுமில்லாத நாட்களிலும் கொண்டுவருவான். அப்பா அவனை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்து, தோட்டத்து லயத்து வீட்டில் எத்தனை காம்பரா, யார் யார் இன்னும் கொழுந்து பறிக்கிறார்கள் என்று வெகு மரியாதையாக விசாரித்தார். மோகனராஜ் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவனமாக வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் தாள்களை வேறொருவர் கொண்டுவந்தார். அவன் அச்சகத்தை விட்டு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அன்று முதல் நிரஞ்சனி பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு அவனை நினைத்தாள். பதினொரு வருடம், ஊரடங்கு நாட்கள் உட்பட, ஒரு நாள் விடவில்லை. தனக்குப் பதில் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. முறுக்கை அவசரமாகத் தின்று பார்த்தாள், படுத்தபடி தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இருமல் வந்தது, ஆனால் அது வேறு இது வேறு என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. கேட்டு வந்த இரண்டு மூன்று சம்பந்தங்களும் தாமாகக் கழன்றுபோயின. 2021இல் அப்பா இறந்தார். ஐந்தரை மணிப் புரையும் நின்றது. உலகத்தில் தன்னை நினைக்க யாரும் இல்லை என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்தவள் கண்டியில் அவள் ஒருத்திதான். அது அவளுக்கு மிகவும் வலித்தது.

சென்ற வருடம் ஆய்வின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. கிராம சேவகரின் பட்டியலிலிருந்து குலுக்கிப்போட்டு எடுத்த வீடுகளுக்கு நிரஞ்சனியே போனாள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கடுகண்ணாவை ரயில் நிலையத்துக்குப் பின்னால், படிகள் ஏறி, பட்டியலில் யோகேஸ்வரி என்று மட்டும் எழுதியிருந்த வீட்டைத் தட்டினாள். தம்பதிகளைத் தனித்தனியே விசாரிப்பது விதி. யோகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டுத் தேநீரும் கொடுத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இருபத்துமூன்றாம் கேள்வி இப்போது படிவத்தில் இல்லை. நிரஞ்சனி பழக்கத்தில் அதையும் கேட்டாள்.

“எனக்கு அப்பப்பதான் மிஸ். இவருக்குத்தான் ரொம்பத் தொல்லை. காலையில வாறது நான், அது எனக்கே தெரியும். ஆனா தெனமும் பகல் பன்னெண்டு நாப்பதுக்கு ஒண்ணு வரும் பாருங்க, அது யாருன்னுதான் தெரியல்ல. பெரிய டொக்டர்கிட்டயும் காட்டினோம். தொண்டையில ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

நிரஞ்சனியின் கையில் பேனா நின்றது. உள்ளே தட்டில் சோறு போடும் சத்தம் கேட்டது. கடிகாரம் பன்னிரண்டு நாற்பதைத் தொட்டபோது அவளால் வேறெதையும் நினைக்க முடியவில்லை. உள்ளே ஒருவர் மூச்சு முட்டப் புரையேறி, கண்ணீர் வழிய, சோற்றுக்கையோடு வெளியே வந்தார். தலையில் நரை, வயிற்றில் சிறு தொந்தி. மோகனராஜ்தான். யோகேஸ்வரி ஓடிப்போய் அவன் உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு திரும்பி நிரஞ்சனியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மோகனராஜ் கை கழுவிவிட்டு வந்து தன் படிவத்தை ஒழுங்காக நிரப்பினான். “சொகமா இருக்கீங்களா? அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டான். இறந்துவிட்டார் என்றதும் உண்மையாகவே வருந்தினான். மனைவியைத் தவிர வேறு யாரையாவது நினைப்பதுண்டா என்ற இடத்தில், யோசித்துப் பார்த்து, ‘இல்லை’ என்று எழுதினான். அதில் பொய் இல்லை என்பதை நிரஞ்சனியைவிட நன்றாக அறிந்தவர் யார்?

யோகேஸ்வரி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள். “அக்கா, நெனைக்க வேணாம்னு நான் சொல்லல்ல. அது சொல்லி நிக்கிற காரியமா? சாப்பிடுற நேரத்துல மட்டும் வேணாம். மனுசன் ஒரு நாளாவது பகல் சோத்த முழுசாத் தின்னதில்ல.”

“எத்தனை மணிக்குன்னா பரவாயில்ல?” என்று கேட்டாள் நிரஞ்சனி. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

யோகேஸ்வரி நின்று யோசித்தாள். “மூணரைக்கு நெனைங்க. இவரு வேலை செய்ற ஹார்ட்வெயார் கடையில அந்நேரம் ஆளுங்க கொறைவு. பக்கத்துல தண்ணிப் போத்தலும் இருக்கும்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிலிமத்தலாவை வரை நிரஞ்சனி அழுதாள். மறுநாள் அலுவலகத்தில் பன்னிரண்டு நாற்பது வந்தபோது மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முந்தைய நாள் படிவங்களின் இலக்கங்களை வாய்விட்டு வாசித்தாள். அப்படியே பத்து நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு, முதல் கவளத்தில், அவளுக்குப் புரையேறியது. நான்கு வருடத்துக்குப் பிறகு. கலாநிதி பஸ்லினா எழுந்து வந்து தலையில் தட்டி, “யாரோ நினைக்கிறாங்க பிள்ள” என்றார். அன்று முழுக்க நிரஞ்சனிக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நாளும் அதே நேரம், அதற்கடுத்த நாளும்.

எட்டாம் நாள் கடுகண்ணாவையிலிருந்து, அவள் கொடுத்துவிட்டு வந்த இரண்டு நாட்குறிப்புகளும் தபாலில் வந்தன. அவள் மோகனராஜின் குறிப்பைத்தான் முதலில் பிரித்தாள். அதில் மனைவியும், கூரைத்தகடு வரப் பிந்திய விஷயமும் தவிர வேறொன்றும் இல்லை. யோகேஸ்வரியின் குறிப்பில், துணையை நினைத்த நேரம் என்ற தலைப்பைப் பொருட்படுத்தாமல், ஏழு நாளும் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரே வரி சாய்ந்த எழுத்தில் இருந்தது: ‘நிரஞ்சனி அக்காவை நினைத்தேன். இவர் இன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார்.’

நிரஞ்சனி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்றப் படிவங்களோடு சேர்த்து இலக்கமிட்டு அலுமாரியில் வைத்தாள். இப்போதும் மூன்றரை மணிக்கு அவள் மோகனராஜை நினைக்கிறாள். பகலில், சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்கு முன், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.