ஹஸ்னைன் பெயரில் எழுதிய கடிதங்கள்

அமீரகத்தின் அல் ஐனில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டரில் என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் உண்டு. வந்து உட்காருகிறவர்கள் சொல்லச் சொல்ல, அவர்களுக்காக ‘நான்’ என்று தொடங்கி ஆங்கிலத்தில் அடிப்பேன். விசா புதுப்பிக்க, மனைவியை அழைத்துவர, நீண்ட விடுப்புக் கேட்க. ஒரே காலையில் பெஷாவர் டிரைவராகவும் கோட்டயத்து நர்ஸாகவும் அறந்தாங்கி வெல்டராகவும் இருந்துவிட்டு மதியம் சாப்பிடப் போவேன். இருபத்தொரு வருடம் இப்படி.

என் மகன் ஹஸ்னைன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பத்து வயதிலிருந்து டைவிங். மூன்று மீட்டர் உயரத்துத் துள்ளுபலகையிலிருந்து எழும்பி, காற்றில் சுருண்டு, தெறிப்பில்லாமல் நீருக்குள் போவது. அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்று அணிகள் இருக்கின்றன, மாணவனே அங்குள்ள கோச்சுகளுக்கு எழுத வேண்டும், வீடியோ அனுப்ப வேண்டும் என்று கிளப்பில் அவனுக்குச் சொல்லித்தரும் இப்ராஹிம் சொன்னார். ஹஸ்னைன் பேச்சு குறைந்தவன். நானும் அப்படித்தான்.

“மெயில் பாஸ்வேர்டைக் குடு. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“எடுத்துக்கங்க வாப்பா. வீட்டுலயும் உங்களுக்கு ஒரு கஸ்டமர் வேணும்ல” என்று சிரித்தான்.

பதினான்கு கல்லூரிகளைப் பார்த்தேன். சிலவற்றில் நீச்சல் அணி இருந்தது, டைவிங்குக்குத் தனிக் கோச் இல்லை. ஒன்றில் கோச் இருந்தார், பலகை நாற்பது மைல் தள்ளி இன்னொரு குளத்தில் இருந்தது. எல்லாம் இருந்த இடத்தில் ஏற்கெனவே ஆறு பேரோடு அணி நிறைந்திருந்தது. பதில் போட்ட கோச்சுகள் போட்டிகளில் எடுத்த புள்ளிகளைக் கேட்டார்கள். ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரியின் கோச் கரோலின் மட்டும் வேறொன்று கேட்டார். பலகையின் நுனியில் நிற்கும்போது உனக்குள் என்ன நடக்கிறது?

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு எழுதினேன், எல்லா ஓசையும் விலகிப்போகும் ஒரு கணம் வரும், அதற்காகத்தான் ஏறுகிறேன் என்று. எந்த டைவ் மிகவும் பிடிக்கும் என்று அடுத்துக் கேட்டார். ரிவர்ஸ் என்று எழுதினேன். முன்பக்கம் பார்த்து எழும்பி, பலகையை நோக்கிப் பின்பக்கமாகச் சுழல்வது அது. தலை பலகையை ஒட்டிக் கடந்துபோகும். பார்க்க அழகானது. காயங்கள் ஏதும் உண்டா என்றொரு கேள்வி இருந்தது. இல்லை என்று போட்டேன். போன வருடம் அதே ரிவர்ஸில் பலகை பின்தலையில் அடித்து அவனுக்கு ஏழு தையல் போட்டது எனக்கு மறக்கவில்லை. ஆறிவிட்டதே என்று நினைத்தேன். சிக்கல் தரக்கூடிய இடத்தில் ‘இல்லை’ என்று போட்டே பழகிய கை. அனுப்பிய வீடியோவும் அடிபடுவதற்கு முன்பு எடுத்தது.

எட்டு மாதம் கடிதம் போனது, வந்தது. அவர் பனியைப் பற்றி எழுதினார். நான் ஆகஸ்ட் வெயிலில் தொடமுடியாத ஏணிக் கம்பியைப் பற்றி எழுதினேன். மகனைப் பற்றி எனக்குத் தெரியாத இடங்களில் தோன்றியதை எழுதினேன். அப்படி எழுதும்போது அவன் என்னோடு பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். ஹஸ்னைனிடம், “ஒஹாயோ நல்ல இடம்” என்று மட்டும் சொன்னேன். “ஓகே” என்றான். பிப்ரவரியில் கரோலின் எழுதினார்: அணியில் ஓரிடம் இருக்கிறது, அது உனக்குத்தான் என்று நினைக்கிறேன், ஒருமுறை முகம் பார்த்துப் பேசுவோம்.

சனிக்கிழமை மாலை வீடியோ கால். என் மனைவி ஹாலிதா அவனுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். கடிதங்களில் இருந்ததைச் சுருக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பாதி படித்தான். நான் கேமராவில் விழாமல் அலமாரி ஓரத்தில் நின்றேன்.

கரோலின் தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற பெண். ரிவர்ஸ் ஏன் அவ்வளவு பிடிக்கும், அதை உன் வாயால் கேட்க வேண்டும் என்றார். ஹஸ்னைன் என்னைப் பார்த்தான். நான் தாளைக் காட்டினேன். அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

“அதை நான் எழுதவில்லை” என்றான் ஆங்கிலத்தில்.

பிறகு பேசினான். அவன் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. தலையில் அடிபட்டதிலிருந்து ஒரு ரிவர்ஸ்கூடச் செய்யவில்லை. நுனிக்குப் போனால் கால் விறைக்கிறது. இறங்கி வந்துவிடுகிறேன். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று இப்ராஹிம் சாரிடம் கேட்டுக்கொண்டேன். டைவிங்கை விட மனமில்லை. இதை யாரிடமாவது சொல்லிவிட்டு மறுபடி தொடங்க ஓரிடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

 எழுதியது யார் என்று கரோலின் கேட்டார். நான் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. பயந்துபோன பிள்ளைகளைக் குளத்தின் விளிம்பிலிருந்து தொடங்கி மறுபடி மேலே ஏற்றியிருக்கிறேன், ஒரு வருடம் பிடிக்கும், அதுதான் என் வேலை என்றார். ஆனால் எட்டு மாதம் நான் வேறொருவரோடு பேசியிருக்கிறேன், அவரை நம்பி இந்த இடத்தை உனக்குத் தரமுடியாது, இன்னொரு பையன் காத்திருக்கிறான் என்றார். கடைசியில் அவனிடம் மட்டும் சொன்னார்: “இன்று சொன்னதை முதல் கடிதத்தில் நீ சொல்லியிருந்தால், அன்றைக்கே உன்னை வரச் சொல்லியிருப்பேன்.”

திரை அணைந்தது. ஹாலிதா சமையலறை வாசலில் நின்றாள்.

“என்னத்தங்க எழுதித் தொலைச்சீங்க? பெத்த புள்ளையும் உங்க கடைக்கு வந்த ஆளா?”

 ஹஸ்னைன் மடிக்கணினியை இழுத்துக் கடிதங்களை முதலிலிருந்து படித்தான். இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை படித்தான்.

“நல்லாத்தான் பேசுறான் இந்தப் பையன்” என்றான். “இவனைத்தான் உங்களுக்குப் புடிச்சிருக்கு போல.”

“அப்படியில்லடா.”

“இட்ஸ் ஓகே வாப்பா.”

“இன்னும் பதிமூணு காலேஜ் இருக்கு. நீயே எழுது. நான் தொடவே மாட்டேன்.”

“அவங்கள்லாம் பாயிண்ட்ஸ்தான் கேட்டாங்க. ரிவர்ஸ் இல்லாம ஏது பாயிண்ட்ஸ்? இவங்க ஒருத்தங்கதான் உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டாங்க.” மடிக்கணினியை மூடி, “கேட்டதே எனக்குத் தெரியாது” என்றான்.

“பயமாருக்குன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா.”

அவன் குற்றம் சாட்டுகிற முகத்தோடு என்னைப் பார்க்கவில்லை. உண்மையிலேயே யோசிப்பவனைப் போலப் பார்த்தான்.

“எப்ப வாப்பா?”

அந்த எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிய ஒரு பொழுதைத் தேடினேன். கரோலினுக்கு எழுதிய மாலைகள்தான் நினைவுக்கு வந்தன. அந்த மாலைகளில் அடுத்த அறையில் அவன் விழித்திருந்தான். கதவு திறந்தேதான் இருந்தது.

திங்கட்கிழமை அவன் கேட்டபடி கிளப்புக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பி வந்தான். தலை நனைந்திருக்கவில்லை. லாக்கரில் இருந்த துண்டுகளையும் சாமான்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டைப் போட்டான்.

“உள்ள என்னடா நடக்குது?” என்று கேட்க வாயெடுத்தேன். அது என் கேள்வி இல்லை. வண்டியை எடுத்தேன்.