வண்டியில் வந்த ரத்தம்

அக்காவின் முழங்கால்களை அவளுடைய வெள்ளை அணுக்களே அரித்துக்கொண்டிருந்தன. அவளுக்கும் எனக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எது திறந்து வேலை செய்கிறது, எது மூடிக்கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், அவள் அணுக்களில் ஒரு மரபணு எப்போதும் திறந்தே இருப்பதைக் கண்டோம். ஒப்பிட எடுத்த என் ரத்தத்தில் அது மூடியிருந்தது. அதுதான் காரணமாக இருக்கும், அதை அடக்கும் மருந்தைத் தேடலாம் என்றார் ஆய்வகத் தலைவரான மேடம். அன்றிலிருந்து அக்கா அந்த மரபணுவை ‘நம்ம ஆளு’ என்றே கூப்பிட்டாள்.

ஒரு நாள் காலை, வீட்டருகே எடுத்த அவள் ரத்தத்தை ஸ்கூட்டரில் கொண்டுவரும்போது வண்டி பள்ளத்தில் குதித்தது. பெட்டிக்குள் குழாய்கள் மோதிக்கொண்டன. அப்போதுதான் உறைத்தது. என் ரத்தத்தை எப்போதும் ஆய்வகத்திலேயே எடுத்தோம். இந்த அணுக்களோ தொட்டாற்சிணுங்கிகள். குலுக்கினாலும் காக்கவைத்தாலும் சில மரபணுக்களைத் திறந்துவிடும்.

மறுநாள் என் ரத்தத்தையும் வீட்டருகே எடுக்கச் சொல்லி, அதே பெட்டியில் கொண்டுவந்தேன். என்னுடையதிலும் அது திறந்திருந்தது.

முடிவை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். ஒருமுறை செய்ததை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது என்றார். அக்காவின் ரத்தத்தை இங்கேயே எடுத்துப் பார்க்காமல் அவர் மாநாட்டில் இந்த மரபணுவைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நகரவில்லை.

ஆய்வகம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழுது.

“அப்போ என் ரத்தம் வண்டியில வந்து மிரண்டுபோச்சுங்கிறியா?” என்றாள் அக்கா, படிக்கட்டின் அடியில் நின்று.

“இருக்கலாம்க்கா. நீ மேல வந்தா தெரிஞ்சிடும். ஆனா நம்ம ஆளு இல்லாமப் போயிடலாம்.”

அவள் குனிந்து முழங்காலைத் தேய்த்தாள்.

“போனா போறான். பொய்யான ஆளை வச்சிக்கிட்டு நான் என்னடி பண்றது?”

கைப்பிடியைப் பற்றி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கட்டடம் கட்டியவரைத் திட்டினாள். மேலே மேடமே நாற்காலி எடுத்துப் போட்டார். ரத்தம் எடுத்த கையோடு அணுக்களைப் பிரித்தேன். அக்கா மாலைவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரையில் அவள் கோடும் என் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. அவளுடையதிலும் அந்த மரபணு மூடித்தான் இருந்தது. மேடம் மாநாட்டு உரையை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். முதலிலிருந்து தேட வேண்டும்.

அக்கா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

“இனிமே இங்கேயே எடு. லிஃப்டை மட்டும் யாரையாவது பாக்கச் சொல்லு.”